ஈரம் காயட்டும்

"இன்னும் கொஞ்சம் திருப்புங்க மாப்ளே. ஆங், போதும். இப்பதான் அது மூஞ்சி நம்ம பக்கம் வந்திருக்கு" என்றார் அத்தை, கட்டிலில் சாய்ந்தபடியே.

அவன் அந்தத் தொட்டியை விட்டுவிட்டு அடுத்ததைத் தொட்டான். அந்த அறைக்கு ஒரே ஜன்னல். செடிகள் எல்லாம் வெளிச்சத்தைப் பார்த்துக் கழுத்தை நீட்டும். அவ்வப்போது திருப்பி வைக்காவிட்டால் கூன் விழுந்துவிடும் என்பது அத்தையின் கட்சி.

அறைக்கு வெளியே அவன் மனைவி தன் அண்ணனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "நாளைக்கு வேண்டாம்ணே. இப்பவே கெளம்பு." குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். ஆனாலும் கேட்டது.

காலையில் வந்த நர்ஸ், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவனிடம் சொல்லியிருந்தார். "இனிமே தண்ணி கேட்டா குடுங்க சார். அளவெல்லாம் பார்க்க வேண்டாம்." அவர் மாடிப்படி இறங்கிப் போன பிறகும் அவன் கதவைச் சாத்த மறந்து நின்றான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஒருமுறை வேலைக்குப் போன அலுவலகத்தில், தண்டு அழுகிய செடி ஒன்றைக் குப்பைக்கூடையில் போட்டிருந்தார்கள். தடித்த இலைகள் ரோஜாப்பூ மாதிரி அடுக்கடுக்காக இருந்தன. பாவமாக இருந்ததால் டிபன் பையில் வைத்துக் கொண்டுவந்தான். வைத்தியத்துக்காக மகள் வீட்டுக்கு வந்திருந்த அத்தை அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். பல் டாக்டர் ஒருவரிடம் உதவியாளராகக் காலம் தள்ளியவர். எதையும் முதலில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார். "வேரு போச்சு. ஆனா எல நல்லாருக்கு" என்று நல்ல இலைகளாகப் பார்த்துக் கிள்ளி, காயவிட்டு, வறண்ட மண்ணின் மேல் படுக்கவைத்தார். சில வாரங்களில் ஒவ்வோர் இலையின் அடியிலும் நூல்போல வேர் வந்தது. பிறகு நகக்கண் அளவில் ஒரு குட்டிச் செடி. அதிலிருந்து ஜன்னல் விளிம்பு நிறையத் தொடங்கியது. தொட்டி வாங்கிய செடிக்கடைக்காரர் சக்குலென்ட் என்றார். அத்தைக்கு அவை குண்டு இலைச் செடிகள்.

அவனிடம் ஒரே ஒரு குறை. வேலை முடிந்து வந்ததும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றாமல் அவனால் இருக்க முடியாது.

"தாகமா இருக்குன்னு அதுங்க உங்களுக்கு லெட்டர் போட்டுச்சா?" என்று அத்தை குவளையைப் பிடுங்கிக்கொள்வார். ஒரு மரக்குச்சியை மண்ணில் ஆழமாகக் குத்தி எடுத்துக் காட்டுவார். "குச்சில மண்ணு ஒட்டுதா? அப்ப இன்னும் ஈரம் இருக்கு. போங்க, போய்க் காப்பி குடிங்க."

அத்தையின் இதயம் தளர்ந்து, கால்கள் வீங்கி, டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொன்ன நாளிலிருந்து ஆட்டம் தலைகீழானது. குவளை அவன் கைக்கு வந்தது. "செடிக்காகப் பழி வாங்குறீங்க, தெரியுது" என்பார். சொல்லிவிட்டு, கொடுத்த ஒரு மடக்கை வெகுநேரம் வாயிலேயே வைத்திருப்பார்.

இப்போது அத்தை மெதுவாகக் கேட்டார். "ஒரு வாய் தண்ணி தர்றீங்களா?"

அவன் டம்ளர் நிறைய எடுத்துவந்தான். அத்தை டம்ளரைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, இன்னிக்குத் தாராளமா இருக்கீங்க?"

"மண்ணு காஞ்சிருக்கு அத்தை."

அவருக்குச் சிரிப்பு வந்தது. இருமலாக முடிந்தது. அவன் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, மூன்று வாய் குடித்துவிட்டுப் போதும் என்று கையைக் காட்டினார்.

"பெரியவன் வர நேரமாயிட்டா, அவனை யாரும் ஒண்ணும் சொல்லிடாதீங்க. எப்பவும் பிந்தித்தான் வருவான். வந்துட்டு ரெண்டு மடங்கா ஓடுவான்."

"சரி அத்தை."

மதியம், மகள் தலைவாரிவிட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் போனது. சீப்பை எடுக்காமல் மனைவி அவனைக் கூப்பிட்டாள்.

மைத்துனர் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. தோளில் மாட்டிய பையைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் கால்மாட்டில் நின்றார். அழவில்லை. மறுநாள் காலை எல்லாம் முடியும்வரை, வண்டிக்குச் சொல்வதும் வந்தவர்களை உட்காரவைப்பதுமாக ஓடிக்கொண்டே இருந்தார்.

மாலையில் வாடகை நாற்காலிகளைக் கடையில் சேர்த்துவிட்டு அவன் திரும்பினான். அத்தையின் அறை வாசலில் மனைவி அசையாமல் நின்றிருந்தாள். உள்ளே, ஜன்னல் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தொட்டிகளின் அடித்தட்டுகள் நிரம்பி, இலை அடுக்குகளுக்குள்ளும் தண்ணீர் தேங்கியிருந்தது. மைத்துனர் முழங்கைவரை நனைந்த சட்டையோடு, கையில் குவளையுடன் நின்றார்.

"எல்லாம் காஞ்சு கெடந்துச்சு மாப்ளே. அம்மா செடி. இந்த அலைச்சல்ல உங்களுக்கு எங்க நேரம்? நான் நல்லா ஊத்திட்டேன்."

மனைவி வாயைத் திறந்தாள். அவன் அவளைப் பார்த்தான். அவள் மூடிக்கொண்டாள்.

"நல்லதாப் போச்சு மச்சான்" என்றான்.

அந்த ஒரு சொல்லுக்குத்தான் காத்திருந்ததுபோல மைத்துனர் கட்டிலில் உட்கார்ந்தார். "நேத்து காலையில அம்மா போன்ல பேசினா. பறந்துகிட்டு வராத, மெதுவா வான்னா. நானும் மெதுவாத்தான் வந்திருக்கேன்" என்றவர் ஈரக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டார். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

அப்படியே விட்டால் ஒன்றுகூடத் தேறாது என்று அவனுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, பழைய செய்தித்தாள்களைத் தரையில் விரித்தான்.

"அத்தை இதுக்கெல்லாம் மண்ணு மாத்தச் சொல்லியிருந்தாங்க. இன்னிக்கே பண்ணிடலாமா மச்சான்? எனக்கு ஒரு கை குறையுது."

மைத்துனர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அவன் தொட்டியைக் கவிழ்த்து அடியில் தட்ட, அவர் செடியை உள்ளங்கையில் ஏந்தி, வேரில் அப்பியிருந்த சேற்றை விரலால் உதிர்த்தார். இலை இடுக்கில் தேங்கிய தண்ணீரை ஊதிவிடச் சொன்னான். அவர் கன்னம் உப்ப ஊதினார்.

"இது எவ்வளவு நேரம் இப்படியே கெடக்கணும்?"

"ரெண்டு மூணு நாள் ஆகும். வேர் நல்லாக் காஞ்சதும் புது மண்ணுல வெக்கணும்."

"வெச்சதும் தண்ணி ஊத்தணுமா?"

"ஊத்தக் கூடாது. ஒரு வாரம் போகட்டும்."

மைத்துனரின் விரல்கள் நின்றன. ஜன்னல் விளிம்பில் இருந்த குவளையைப் பார்த்தார். கீழே சொட்டிய ஈரத்தைப் பார்த்தார்.

"மாப்ளே..."

"அந்தச் சின்னத் தொட்டியை இப்படிக் குடுங்க மச்சான்."

அவர் எடுத்துக் கொடுத்தார். அடுத்த செடியின் வேரை முன்னைவிட மெதுவாக உதிர்த்தார்.

"காலையில கெளம்பலாம்னு இருந்தேன்" என்றார் தலைநிமிராமல். "இது காயட்டும். வெச்சுட்டே போறேன்."

மனைவி கூடத்திலிருந்து மேசை விசிறியைத் தூக்கிவந்து, தரையில் வைத்து, குறைந்த வேகத்தில் ஓடவிட்டாள். பிறகு அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். காற்றில் செய்தித்தாளின் ஓரங்கள் எழுந்து எழுந்து படிந்தன. அதன் மேல் வரிசையாகக் கிடந்த செடிகள் அசையவில்லை.