மூன்று கை உப்பு

1

இந்தக் கதை கருகிய பூண்டு வாசனையில் தொடங்கியது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஃப்ரைடு ரைஸ். நான் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பூண்டு தீய்கிற வாசனை அங்கே வரைக்கும் வந்தது. வாணலிக்குப் பக்கத்திலேயே நின்று கேரட் நறுக்கிய அம்மாவுக்கு வரவில்லை.

அம்மா சமைக்கும் விதம் அப்படி. கண் அடுத்த வேலையில் இருக்கும். மூக்குதான் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும்.

(காய்ச்சல் வந்து போனதிலிருந்து அந்த மூக்குக்கு எதுவும் தெரிவதில்லை. அம்மா யாரிடமும் சொல்லவில்லை. அன்று நானாகக் கண்டுகொண்டேன். நானும் யாரிடமும் சொல்லவில்லை.)

தட்டில் வந்ததை எல்லோரும் நல்லாருக்கு என்று சொல்லியே சாப்பிட்டோம்.

2

கதைக்கு நான் எழுதிய முதல் வரி:

"நாசியின் மேற்பகுதியில் உள்ள நரம்பு முனைகள்—"

அடித்துவிட்டேன். நான் படித்தது உயிர்வேதியியல்தான். அதற்காக அம்மாவை நரம்பு முனையிலிருந்தா தொடங்குவது?

இரண்டாவது முயற்சி:

"அம்மா ஓர் அலுவலகத்துக்கு மதியச் சாப்பாடு சமைத்து அனுப்புகிறாள். கொஞ்ச நாளாக டப்பாக்கள் பாதிச் சாப்பாட்டோடு திரும்பி"

முடிக்க மனம் வரவில்லை. ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதில்தான் இருக்கிறது. திரும்பி வரும் டப்பாக்களை அம்மாவே கழுவுகிறாள். எங்களைத் தொட விடுவதில்லை.

3

அடுத்த சனிக்கிழமை அம்மா சொன்னாள்:

"ஆபீஸ்ல ஃப்ரைடு ரைஸ் கேக்கறாங்க. நாளைக்கு இன்னொரு தடவ செஞ்சு பாக்கறேன். சரியா வந்தா தொடர்ந்து குடுக்கலாம். இல்லன்னா எல்லாத்தையும் நிறுத்திடறேன். முட்டி வேற வலிக்குது."

"உனக்கு எப்ப முட்டி வலிச்சுது?" என்றார் அப்பா.

"உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் வலிக்கணுமா?"

முட்டி பொய். அப்பா மேலே கேட்கவில்லை. இந்த இடத்தில் அப்பா பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்கிறவர் இல்லை அவர். எழுதும்போதுதான் சந்தேகம் வந்தது; அன்று வரவில்லை.

4

முந்தின நாளே வடித்து, தட்டில் பரப்பி, ஃப்ரிட்ஜில் வைத்த சோறு.*

இந்த முறை அம்மா வேறு எதையும் நறுக்கவில்லை. குனிந்து பூண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். பொன்னிறம் தாண்டவில்லை. பிறகு பீன்ஸ், கேரட், கோஸ். தீயைக் கூட்டிச் சோற்றைக் கொட்டியதும் சடசடவென்று சத்தம் வந்தது. கொஞ்சம் சோயா சாஸ், கொஞ்சம் வினிகர். மேலே வெங்காயத்தாளைத் தூவி, மூடிவைத்துவிட்டு அம்மா குளிக்கப் போனாள்.

நான் உள்ளே போய் ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன். உப்பு குறைவாகத் தெரிந்தது. (தெரிந்ததா? அம்மாவால் சரியாகப் போட முடியாது என்று முடிவுசெய்த பிறகு எடுத்த வாய் அது.) ஒரு கை உப்பைத் தூவிக் கிளறிவிட்டு வந்தேன்.

பிறகு அப்பா தண்ணீர் குடிக்கப் போனார். அப்புறம் தம்பி தட்டு எடுக்கப் போனான். எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

* ஆறிய சோற்றில் மாவுச்சத்து இறுகும்; பருக்கை உதிரியாக நிற்கும். இந்தக் கதைக்கு என் படிப்பு செய்த ஒரே உதவி. செய்திருக்க வேண்டிய இன்னொன்று உண்டு. அது தாமதமாக வந்தது.

5

தம்பி முதல் வாயிலேயே தண்ணீரை எடுத்தான். அப்பா தலை நிமிராமல் மென்றார்.

"ஹோட்டல் மாதிரியே இருக்கும்மா" என்றான் தம்பி. அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

அம்மா ஒரு வாய் வைத்தாள்.

தாமதமாக வந்தது இதுதான்: மூக்கு போனாலும் உப்பும் புளிப்பும் போவதில்லை. அவை நாக்கின் பொறுப்பு. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

"இது நான் போட்ட உப்பு இல்ல" என்றாள் அம்மா. "யாரு போட்டது?"



"நான்தான்" என்றார் அப்பா. "கொஞ்சமா."

"நானும்" என்றேன்.

"நான் உப்பு போடல" என்றான் தம்பி. "சோயா சாஸ்தான் ஊத்துனேன்."

"அதுல என்ன சர்க்கரையாடா இருக்கு?"

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னவர்கள், மூன்று பேர் இட்டால் என்ன செய்வது என்று சொல்லவில்லை.

அம்மா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"அப்போ எல்லாருக்கும் தெரியும்."

"நீயா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார் அப்பா.

"நான் சொல்றது இருக்கட்டும். நீங்க வாயத் தெறந்து சொல்லிருந்தா, காசு குடுத்துச் சாப்பிடறவங்களாவது நல்லாச் சாப்பிட்டிருப்பாங்க இல்ல?"



6

எழுதிப் பார்த்த முடிவுகள்.

அம்மா அழ, நாங்கள் அவளைக் கட்டிக்கொள்கிறோம். (எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கட்டிக்கொள்வதில்லை. நான் எழுதினால் பொய் தெரிந்துவிடும்.)

ஒரு காலையில் அம்மாவுக்கு வாசனை திரும்புகிறது. (சிலருக்குத் திரும்பும். என்னிடம் இல்லாததை நான் எப்படிக் கொடுப்பது?)

நடந்தது இவ்வளவுதான். அம்மா எழுந்து கை கழுவினாள். ஃப்ரிட்ஜில் பாதிச் சோறு மிச்சம் இருந்தது. வாணலியை மறுபடி ஏற்றி, எண்ணெய் காய்ந்ததும் பூண்டைப் போட்டாள். பிறகு வேண்டுமென்றே அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்று, பழையபடி கேரட் நறுக்கத் தொடங்கினாள்.

"வாசன வந்ததும் சொல்லுங்க" என்றாள்.

நாங்கள் மூவரும் சமையலறை வாசலில் நிற்கிறோம். பூண்டைச் சுற்றி எண்ணெய் குமிழ்விடுகிறது. பச்சை வாசனை போகிறது. அப்பா என்னைப் பார்க்கிறார். தம்பி அப்பாவைப் பார்க்கிறான். சொல்லாமல் இருந்தே பழகிவிட்டோம்.

ஓரங்கள் சிவக்கின்றன. இனி இந்தக் கதையில் எழுத ஒரு சொல்தான் பாக்கி. 'போதும்.' அதற்குப் பிறகு சோறு, சடசடப்பு, நாளைக்குப் போக வேண்டிய டப்பாக்கள், எல்லாம் இருக்கின்றன. அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை.

கத்திச் சத்தம் நிற்கவில்லை. அம்மா திரும்பப் போவதில்லை.

வாயைத் திறக்கிறேன். என் குரல் சின்னது. இவ்வளவு தூரம் வாசித்த உங்களுக்கும் இந்நேரம் வாசனை வந்திருக்கும். கூடச் சேர்ந்து நீங்களும் சொல்லுங்கள்.