நெய்தவர்: தெரியவில்லை

சுற்றுலா வேன் ஓட்டுகிறவனைக் கட்டிக்கொண்டும் தையல்காரி எங்கேயும் போனதில்லை. அறுந்த ஜிப், இறுகிப்போன இடுப்பு என்று தெருவிலுள்ள குறையெல்லாம் அவள் மெஷினுக்குத்தான் வந்து சேரும். அன்றைக்கு வேனில் ஒரு சீட்டு காலி. "அதுல காத்து உக்காந்து வர்றதுக்கு நீ உக்காந்து வாயேன்" என்று புருஷன் நச்சரித்ததால் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினாள்.

வேன் போய் நின்ற இடம் பழைய பட்டு முதலாளி ஒருவரின் வீடு. இப்போது அது அருங்காட்சியகம். கீழே பட்டுக்கூட்டை வெந்நீரில் போட்டு நூலெடுக்கும் தொட்டி, ராட்டை, ஆளில்லாத ஒரு தறி. மாடியில் துணிகள். அங்கே விளக்கை மங்கலாக வைத்திருந்தார்கள். வெளிச்சம் பட்டால் பட்டு வெளுத்துவிடுமாம்.

"கரண்டு பில் கட்ட முடியலன்னு மரியாதையா சொல்றாங்க" என்று புருஷன் காதில் கிசுகிசுத்தான். சிரித்துக்கொண்டே திரும்பியவளுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது.

கண்ணாடிப் பெட்டிக்குள் அம்மாவின் சால்வை.

அம்மா ஒரு பட்டறையில் கூலிக்கு நெய்தவள். ஒவ்வொரு முறையும் துணியை அறுத்து எடுத்த பிறகு தறியில் முழ நீளத்துக்கு நூல் மிச்சம் நிற்கும். அது குப்பைக்குத்தான் போகும் என்பதால் அம்மா மடியில் கட்டிக்கொண்டு வருவாள். மகள் உட்கார்ந்து அவற்றை ஒன்றோடொன்று முடிச்சுப் போடுவாள். பட்டு வழுக்கும். சின்ன விரல்கள் போட்ட முடிச்சு புடைத்துக்கொண்டு நிற்கும். "இது என்னடி, நூலா, மிளகா?" என்று அம்மா திட்டுவாள். ஆனால் அவிழ்க்க மாட்டாள். வாழ்நாளெல்லாம் நெய்தவள் தனக்கென்று நெய்துகொண்டது அந்த ஒன்றைத்தான். பச்சை எங்கே முடியும், ஊதா எங்கே தொடங்கும் என்று ஒரு ஒழுங்கு கிடையாது. ஓரத்தில் அந்த முடிச்சுகள் இன்னும் புடைத்துக்கொண்டிருந்தன.

அண்ணனுக்கு அதைக் கண்டாலே ஆகாது. தன் கல்யாணத்தன்று, "பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாடி இந்தக் கந்தலைப் போத்திக்கிட்டு நிக்காதம்மா, மானம் போகுது" என்றான். அம்மா அதை மடித்து உள்ளே வைத்தாள். பிறகு அதைப் போர்த்தவே இல்லை. அம்மா படுக்கையில் விழுந்தபோது அண்ணன் வீட்டுக்கே போய்க் கிடந்து, குளிப்பாட்டி, ஊட்டி, கடைசிவரை பார்த்துக்கொண்டவள் தையல்காரி. எல்லாம் முடிந்தபின் அவள் கேட்டது அந்தச் சால்வையை மட்டும்தான். "எலி கடிச்சுக் குதறிடுச்சு, தூக்கிப் போட்டுட்டோம்" என்றான் அண்ணன். அண்ணியும் தலையாட்டினாள். தையல்காரி அதை நம்பி அழுதாள்.

பெட்டிக்குக் கீழே அட்டையில் எழுதியிருந்தது: "பல வண்ணப் பட்டுச் சால்வை. பட்டறை உரிமையாளர் குடும்பம் ஒன்றின் பரம்பரைச் சொத்து. நெய்தவர்: தெரியவில்லை." அதற்கு அடியில், அன்பளிப்பாக வழங்கியவர் என்று அண்ணன் பெயர்.

படிக்கட்டில் நின்று அவனைப் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணே, அம்மா சால்வை என்னாச்சுன்னு சொன்னே?"

"எலி கடிச்சுடுச்சு. இப்ப எதுக்கு அது?"

"நான் அது முன்னாடிதான் நிக்கிறேன்."

அவன் குரல் உயர்ந்தது. "உன்கிட்ட குடுத்திருந்தா வெட்டித் தலையணை உறை தச்சிருப்பே. அங்க நாலு பெரிய மனுஷங்க வந்து பாக்குறாங்க."

"கூலிக்கு நெய்தவளை எப்படிண்ணே முதலாளியாக்கினே? அவ பேரையாவது போட்டிருக்கலாமே."

"போட்டா? கூலிக்காரி மகன்னு ஊரெல்லாம் சிரிக்கவா? இங்க பாரு, அங்க ஏதாவது உளறி, அது என் வீட்டுக்குத் திரும்பி வந்துச்சுன்னா, அடுப்புல போட்டுடுவேன்."

அவன் போனை வைத்துவிட்டான். விஷயத்தைக் கேட்ட புருஷனுக்கு ரத்தம் கொதித்தது. "வா, இதைச் சும்மா விடக்கூடாது" என்று பொறுப்பாளர் அறைக்கு அவளை இழுத்துக்கொண்டு போனான். பொறுப்பாளர் தன்மையான பெண்மணி. நாற்காலி காட்டி உட்காரச் சொன்னார்.

"மேடம், மாடியில இருக்கிற அந்தக் கலர் சால்வை... அதை நெய்தது எங்கம்மா. அட்டையில தப்பா போட்டிருக்கு."

பொறுப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். "குடுத்தவர் சொன்னதைத்தானேம்மா நாங்க போட முடியும்? அவர் ஒண்ணு சொல்லி, நீங்க வேற சொன்னா, அதை எடுத்துட வேண்டியதுதான். தகராறுள்ள பொருளை இங்க வைக்கிறதில்ல."

"எடுத்து?"

"குடுத்தவர்கிட்டயே திருப்பிக் குடுத்துடுவோம். அப்புறம் அவராச்சு, நீங்களாச்சு."

புருஷன் வாயைத் திறந்தான். தையல்காரி அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். அண்ணன் சொன்னால் செய்கிறவன். அதிலும் கெட்டதைச் சொன்னால் தள்ளிப்போட மாட்டான்.

"தப்பா சொல்லிட்டேன் மேடம்" என்றாள். "எங்கம்மா ஒண்ணு வச்சிருந்தாங்க, பாக்க இதே மாதிரி. இது அது இல்ல. எங்கம்மாவுக்கு இவ்வளவு நல்லா நெய்ய வராது."

பொறுப்பாளர் முகம் தெளிந்தது. "பரவால்லம்மா. பழைய துணியைப் பாத்தா நிறைய பேருக்கு அப்படித்தான் தோணும்."

வீட்டுக்கு வந்து கால் கழுவுவதற்குள் அண்ணன் கூப்பிட்டான்.

"என்ன சொன்னே அங்க?"

"எங்கம்மா நெய்தது இல்லன்னு சொன்னேன்."

"அப்பாடா. இப்பவாவது புத்தி வந்துச்சே."

"அண்ணே, நான் செத்தா நீ வர வேண்டாம்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அதற்குப் பிறகு அவனும் கூப்பிடவில்லை, இவளும் கூப்பிடவில்லை. புருஷன் மட்டும் அந்தப் பக்கம் சவாரி கிடைக்கும்போதெல்லாம் டிக்கெட் வாங்கிக்கொண்டு மாடிவரை போய்விட்டு வருவான். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் தையலிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்பாள்.

"இருக்கா?"

"இருக்கு."

அதற்கு மேல் அந்தப் பேச்சை இருவரும் எடுப்பதில்லை.