கடுகு மஞ்சள்

தையல் கம்பெனியில் அவள் சட்டைக் காலர்களுக்கு ஓரத்தையல் போட்டுக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பெடலிலிருந்து காலை எடுக்காமலே பேசினாள்.

அவள் பிள்ளை பித்தநாளம் அடைத்தபடி பிறந்தவன். கண்ணும் தோலும் மஞ்சள்; பித்தம் குடலுக்கு இறங்காததால் மலம் மட்டும் சுண்ணாம்பாய் வெளுத்துப் போகும். வேறு ஈரல் வைத்தால்தான் பிழைப்பான். அப்பன் ஈரலில் கொழுப்பு, எடுக்க முடியாது. அவளுடையது நல்ல ஈரல்தான், ஆனால் ரத்தம் வேறு வகை. இதுவரை தெரிந்த கதை. டாக்டரம்மா இன்று சொன்னது புதிது.

"உன் ஈரல்ல ஒரு துண்டை நீயே குடுக்கலாம்மா. பெரியவங்க உடம்புன்னா வேத்து ரத்தத்தைக் கண்டதும் சண்டைக்குக் கிளம்பிடும். உன் பிள்ளைக்கு ஒரு வயசுகூட ஆகல. அந்தச் சண்டைக்குணம் இன்னும் ஊறல. தள்ளிப்போட்டா ஊறிடும்."

"அப்ப நாளைக்கே வெட்டிக்கோங்க!"

அவள் போட்ட சத்தத்தில் சூப்பர்வைசரே திரும்பிப் பார்த்தார்.

அறுவை முடிந்து கண் விழித்தவள் நர்ஸிடம் முதலில் பிள்ளையைக் கேட்டாள். அடுத்து, "தையலை நேராப் போட்டாங்களா?" என்றாள்.

பிள்ளை வேறு மாடியில் இருந்தான். உடம்பு ஈரலை ஏற்குமா என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ஒரு மத்தியானம் கணவன் மூச்சிரைக்க ஓடிவந்தான். முகக்கவசம் ஒரு காதில் தொங்கியது.

"போயிட்டான்டி!"

அவள் தையலை மறந்து எழுந்து உட்கார்ந்தாள்.

"ஆய் போயிட்டான்! மஞ்சளா!"

"பாவி மனுஷா! ஒழுங்கா வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?" அழுகையும் சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தன. "என்ன மஞ்சள்?"

அவன் சுவருக்கு வர்ணம் அடிப்பவன். கொஞ்சம் யோசித்தான். "கடுகு மஞ்சள். ரெண்டு கோட்டிங் அடிச்ச மாதிரி."

"சிரிக்க வைக்காதீங்க, தையல் பிரிஞ்சிடும்!" வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரியும் சிரித்தாள், மருந்து கொண்டுவந்த நர்ஸும் சிரித்தாள்.

வேலைக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்று, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு தையல் கம்பெனிக்குப் போனாள். கிருமி ஆகாதென்று வாசலிலேயே நின்றாள். பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டு வந்து, எட்ட நின்றே கொஞ்சினார்கள்.

"கண்ணு எப்படி வெளேர்னு இருக்கு பாருடி!"

சூப்பர்வைசரும் விரலைச் சொடுக்கி விளையாட்டுக் காட்டினார். பிறகு குரலைத் தணித்தார். "நீ உடம்பைத் தேத்திக்கம்மா. உன் இடத்துக்கு ஆள் போட்டாச்சு."

மணி அடித்தது. எல்லோரும் உள்ளே போனார்கள். ஜன்னலோரத்து மெஷினில் புதுப்பெண் ஒருத்தி தலைநிமிராமல் ஊசியில் நூல் கோத்தாள். எல்லா மெஷின்களும் ஒன்றாக ஓடத் தொடங்கின. அந்தச் சத்தத்துக்கு, அவள் இடுப்பில் இருந்த பிள்ளை கைகொட்டிச் சிரித்தான்.