இரண்டு புள்ளிகள்

திருவொற்றியூரில் எங்கள் லேசர் கூடம் ஒரு பழைய கிடங்கில் இருந்தது. எதிரெதிரே நிற்கும் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் ஒளியைப் பிடித்து நிறுத்த வேண்டும். வெளியே கண்டெய்னர் லாரி போனால் கண்ணாடி அசைந்து ஒளி நழுவிவிடும். கண்ணாடியின் திருகு குமிழைத் திருப்பி மறுபடி பிடிப்பதைப் பூட்டுவது என்போம். படிப்பைப் பாதியில் விட்ட எனக்கு மூன்று வருடமாக அதுதான் வேலை.

அந்த ஞாயிறு ராயபுரத்தில் தங்கை ஆலிஸின் குழந்தைக்கு ஞானஸ்நானம். அதற்குப் போவதற்காகவே தானாகப் பூட்டும் புரோகிராமை எழுதி முடித்தேன்.

"போய்ட்டு வா மாமு. கண்ணாடி இன்னா உன் பொண்டாட்டியா?" என்றான் டெக்னீஷியன் டில்லிபாபு.

விருந்தில் ஆலிஸின் மாமனார் என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன்.

"வெளிச்சம் போனா போவட்டுமே நைனா, யாருக்கு இன்னா நஷ்டம்?"

பிரியாணி ஆறுமுன்பே கூடத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

திரையில் நாள் முழுக்க 'பூட்டு சரி' என்றே இருந்தது. ஆனால் கேமராவில் ஒரே வட்டப் புள்ளி தெரிய வேண்டிய இடத்தில் இரண்டு தெரிந்தன. லாரி குலுக்கியபின் புரோகிராம் தப்பான வடிவத்தில் இருந்த ஒளியைப் பிடித்து நான்கு மணி நேரம் விடாமல் வைத்திருந்தது. வெளிச்சம் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கச் சொல்லியிருந்தேன். வடிவத்தை என் கண்ணே பார்த்துப் பழகிவிட்டதால் அதை எழுதத் தோன்றவில்லை.

நான் இல்லாமல் முடியவில்லை என்று முதலில் நிம்மதிதான் வந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. அன்று மாலையே வடிவம் பார்க்கும் வரிகளைச் சேர்த்தேன். பத்து லாரிகள் போயின. பத்து முறையும் சரியாகப் பூட்டியது.

அடுத்த ஞாயிறு எனக்கு விடுமுறை. போக இடம் இல்லை.