எட்டுப் பாட்டுத் தூரம்

பக்கிரி சைக்கிள் கூடையில் ஈர மணலை நிரப்பிக்கொண்டு திண்டிவனம் சாலையில் ஓட்டிப் பழகிய மாதத்தில், வைத்திக்குப்பத்தில் சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவன் மனைவி தனம். இன்னொருவன் பக்கிரியேதான்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்றாவது வருஷம் அது, கண்ணுகளா. ஐப்பசியில் அலை புரட்டிப் போட்டதில் கட்டுமரம் பக்கிரியின் இடது தோளில் மோதியது. எலும்பு கூடிவிட்டது, துடுப்பு வலிக்கிற பலம் மட்டும் திரும்பவில்லை. முப்பத்தைந்து வயதில் கரையில் உட்கார்ந்து அடுத்தவன் மரம் போவதைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

தனம் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். அவள்தான் விசாரித்துக்கொண்டு வந்தாள். திண்டிவனம் ரயிலடியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தணிகாசலத்துக்கு அன்றன்று பிடித்த மீன் வேண்டும். பத்து மணிக்குள் வந்தால்தான் மதியக் குழம்புக்கு ஆகும். பஸ்காரர்கள் மீன் கூடையை ஏற்றமாட்டார்கள். மாசி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரு தரம் கொண்டுவந்து காட்டினால், வாரம் மூன்று நாள் பக்கிரிக்கு. இல்லையென்றால் மரக்காணத்து ஆள் ஒருவன் காத்திருக்கிறான்.

சைக்கிள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு வந்த லூசியனுடையது. மீனுக்குப் பதில் மணல் பாரம் ஏற்றி ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

"துஸ்மான் பக்கிரி, துஸ்மான். மெல்ல. கைப்பிடிய இப்படி நெரிக்காத, அதுவும் மூச்சு விடணும் இல்ல."

தார் எல்லாம் ஊருக்குள்தான். ஊர் எல்லையான கோரிமேடு தாண்டினால் கப்பிச் சாலை. சரளைக்கல் முன் சக்கரத்தை இழுத்த இழுப்புக்குக் கொண்டு போகும். முதல் வாரம் இரண்டு தரம் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டான். பிறகு, அலையில் மரத்தை விடுகிற மாதிரி, சக்கரத்தையும் கொஞ்சம் அதன் போக்கில் விடப் பழகினான். அது வந்துவிட்டது. அவனை வாட்டியது வேறு.

பக்கிரிக்கு எழுத்து தெரியாது. கடிகாரம் கிடையாது. துடுப்புப் போடும்போது பாடுகிற பாட்டுத்தான் அவனுக்கு அளவு. ஊரிலிருந்து கோரிமேடு வரை சாலையோரம் தூரம் காட்டும் கல் ஐந்து நிற்கும். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே ஐந்து தரம் பாட்டு முடியும். கோரிமேட்டைத் தாண்டினாலோ, எட்டுத் தரம் பாடினால்தான் அடுத்த கல் கண்ணில் படும். அதே கால், அதே மணல். ஊர் எல்லை தாண்டினதும் தனக்குச் சத்துப் போய்விடுகிறது என்று அவன் மனசுக்குள் முடிவு கட்டிவிட்டான். கோரிமேட்டுக்கு அப்பால் நாலாவது கல் வந்ததும் திரும்பிவிடுவான்.

அந்தக் கல்லருகில் ஆயம்மா என்று ஒருத்தி சாலைக்கு ஜல்லி உடைத்துக்கொண்டிருப்பாள்.

"தோ வந்துட்டாரு. ஏய்யா, மணலுக்கு எங்க ஊரச் சுத்திக் காட்ட வர்றியா?"

வீட்டில் "பாதி வழி, கிளியனூர் வரைக்கும் போய் வந்துட்டேன்" என்றான். தனம் கூடைக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

"கிளியனூர் பார்த்த மணலு இவ்ளோ ஈரமாவா இருக்கும்?"

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. ஐந்து பாட்டு, எட்டுப் பாட்டு எல்லாவற்றையும் சொன்னான்.

"வேற ஆள வச்சிக்கச் சொல்லிடு தனம். பாதி வழியில மீனு நாறிச்சுன்னா உனக்கில்ல கெட்ட பேரு."

தனம் மணலை வாசலில் கொட்டிக் கூடையைத் தட்டினாள்.

"சரி, வேணாம்னு சொல்லிடு. ஆனா நீயே போய்ச் சொல்லு. நான் சொல்லி அனுப்பினா அவருக்கு மரியாதையா இருக்காது."

"எங்க போய்?"

"திண்டிவனத்துக்குத்தான். ஞாயித்துக்கிழம. வெறுங்கையா போவாத, மீனோட போ."

பக்கிரி அவளைப் பார்த்தான். அவள் சிரிக்கக்கூட இல்லை.

ஞாயிறு விடியலில் மரங்கள் கரை ஏறின. சங்கராவும் கிழங்கானும் வந்தன. தனம் கூடையில் அடுக்கி, ஈரச் சாக்கை மேலே மூடிக் கட்டினாள். ஐந்து ஐந்து பாட்டாகக் கோரிமேடு வந்தது. பிறகு எட்டு. அவன் எதிர்பார்த்ததுதான். நாலாவது கல்லில் ஆயம்மா சுத்தியலை நிறுத்தினாள்.

"உன் கல்லு வந்துடிச்சி. திரும்பு."

"இன்னிக்கு மணல் இல்ல, மீனு" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டான். வேண்டாம் என்று சொல்வதற்காவது போய்ச் சேர வேண்டுமே.

ஐந்தாவது கல்லுக்கு எட்டுப் பாட்டு. ஆறாவதற்கும் எட்டு. இனி ஒன்பது ஆகும், பத்து ஆகும் என்று காத்துக்கொண்டே மிதித்தான். ஆகவில்லை. கிளியனூரில் கிணற்றுத் தண்ணீர் வாங்கிச் சாக்கை நனைத்துவிட்டு ஏறினான். தோள் வலித்தது. அப்போதும் எட்டுதான். சத்துப் போகிறவனுக்குப் போகப் போகப் பாட்டு ஏறிக்கொண்டே போக வேண்டும் இல்லையா? கோரிமேட்டில் ஒரே ஒரு தரம் ஐந்து எட்டானது, அதற்குப் பிறகு ஒரு பாட்டுகூட ஏறவில்லை. எட்டுன்னா எட்டாவே இருக்கட்டும் என்று மிதித்தான். அன்றைக்கு முதல் முறையாகக் குரலை விட்டே பாடினான்.

ரயிலடிக் கடிகாரத்தில் ஒன்பதரை என்றார்கள். தணிகாசலம் செவுளைத் தூக்கிப் பார்த்தார். ரத்தச் சிவப்பு.

"செவ்வாக்கிழம வஞ்சிரம் கெடச்சா எடுத்துனு வா."

"எடுத்துனு வரேன்."

திரும்பும்போது ஆயம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தான். கல் சமாசாரத்தைக் கேட்டான். அவள் சொம்பை வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"இந்தக் கல்லுல இருந்து அந்தக் கல்லு வரைக்கும் எங்க வூட்டுக்காரரு பார்க்கிற ரோடு. ஒரு மைலு. உங்க ஊர்ல பிரெஞ்சுக்காரன் நட்டது கிலோமீட்டர் கல்லு. அது கிட்டக்கிட்ட நிக்கும். இது தெரியாதா உனக்கு?"

பக்கிரி குனிந்து அந்தக் கல்லைத் தட்டிப் பார்த்தான்.

"அப்ப எனக்கு ஒண்ணும் ஆவல."

"உனக்கு இன்னா? குண்டுக்கல்லாட்டம் இருக்க. வழிய வுடு, ஜல்லி தெறிக்கும்."

பெரிய மார்க்கெட்டில் தனம் கடைசிக் கூறு மீனை விற்றுக்கொண்டிருந்தாள். காலிக் கூடையைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

"வேணாம்னு சொல்லிட்டியா?"

"மறந்துட்டேன்" என்றான் பக்கிரி. "செவ்வாக்கிழம போய்ச் சொல்லிடறேன்."