ஒரு கோலுக்குப் பதினோரு அடி

நாட்டின் பெண்கள் கால்பந்து அணிக்காகக் கண்ணாடிக்காரனின் மனைவி தன் முதல் கோலைப் போட்ட அன்று சாயங்காலம், அவர்கள் வீட்டுச் சந்து பதினோரு அடி நீண்டது. கடையிலிருந்து திரும்பியவன் முதலில் தன் காலைத்தான் சந்தேகப்பட்டான். நாள் முழுக்க ஜன்னல் கண்ணாடி வெட்டி, அதைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்குகிறவனுக்குக் கால் அசந்துபோவது புதிதல்ல. பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா வாசலில் நின்று, "தம்பி, உன் வீடு ஏன் அங்க போய் நிக்குது?" என்று கேட்ட பிறகுதான், இரண்டு வீட்டுக்கும் நடுவே முன்பு இல்லாத ஒரு துண்டுத் தரை கிடப்பதைப் பார்த்தான். பையிலிருந்த டேப்பை எடுத்து அளந்தான். பதினோரு அடி, அரை அங்குலம். இரண்டு பக்கச் சுவரும் சேர்ந்தே நீண்டிருந்தன, அதே வெளிறிய மஞ்சள் பெயிண்டோடு, ஒரு கீறல் இல்லாமல்.

அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். விளையாட்டு விடுதியின் சாப்பாட்டு அறை ஜன்னலை உடைத்தவள் அவள், மாட்டப் போனவன் அவன். ஒரே வருடத்தில் அதே ஜன்னல் ஏழு தடவை உடைந்தது. ஆறு தடவையும் "சாரி அண்ணே" என்றவள், ஏழாவது தடவை வெறும் "சாரி" என்றாள். அந்த ஒரு சொல் குறைந்ததில் விஷயம் அவனுக்கு விளங்கிவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகும் மாதத்தில் பாதி நாள் அவள் பயிற்சி முகாமில்தான் இருந்தாள். வீட்டில் இருக்கும் நாட்களில் கட்டிலில் குறுக்கே படுத்துத் தூங்குவாள். அவன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கிடப்பான். அவள் முகாமுக்குப் போனபிறகும் அந்த ஓரத்திலேயே படுத்தான்.

சந்து நீள்வதற்கு ஒரு கணக்கு இருந்தது. பயிற்சி ஆட்டத்தில் அவள் கோல் போட்டால் அது அசையாது. வேறொருத்தி போட்டாலும் அசையாது. இவள் தள்ளிக்கொடுத்து வேறொருத்தி போட்டால் நான்கு அடி, இவளே போட்டால் பதினோரு அடி. உலகப் போட்டிக்கான தகுதிச் சுற்று வந்ததும் கோலுக்கு அரை கிலோமீட்டர் ஆனது. சக்கரம் வைத்த எதுவும் அந்தப் புதிய தரையில் சுற்றியதே தவிர முன்னால் நகரவில்லை. சைக்கிளில் வந்த தபால்காரர் ஒரு மணி நேரம் மிதித்துவிட்டு, நின்ற இடத்திலேயே இறங்கிக் கடிதங்களை நர்ஸ் அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார். கேஸ் சிலிண்டர்காரர் ஒரே ஒரு தடவை தோளில் சுமந்து வந்தார், அடுத்த தடவை சந்து முனையிலேயே ஒரு கும்பிடு போட்டுவிட்டார். நகராட்சியிலிருந்து வந்து பார்த்தவர்கள் வரைபடத்தில் காகிதத்தை ஒட்டிக் கோட்டை நீட்டிக்கொண்டார்கள். அதற்குமேல் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை.

அந்த நாடு அதுவரை உலகப் போட்டிக்குள் காலே வைத்ததில்லை. தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தன்று சந்து முந்திக்கொண்டது. சாயங்காலம் அவள் போடப்போகும் இரண்டு கோலுக்கும் சேர்த்துக் காலையிலேயே நீண்டுவிட்டது. விஷயம் பரவியதும் அணி தேறுமா தேறாதா என்று டிவியில் கோட்டு போட்டுக்கொண்டு பேசியவர்களை யாரும் கேட்கவில்லை. அணி தேறியது. அதிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்தன்றும் விடிந்ததுமே சந்து முனையில் ஜனம் கூடியது. கண்ணாடிக்காரன் முந்தின நாள் சாயங்காலம் தன் கேட்டுக்கு நேராகத் தரையில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவைப்பான். காலையில் கேட்டைத் திறந்து, கோடு எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்று டேப்பால் அளந்துகொண்டே நடந்துவந்து, அடி அங்குலம் பிசகாமல் சொல்வான். கூட்டம் விசிலடிக்கும். அவனைத் தோளில் தூக்கிக்கொள்ளும். அவனும் சிரிப்பான்.

சிரிப்பு பொய்யில்லை, அவள் கோல் போடுவது அவனுக்கு உயிர். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டை ஒற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்காரும்போது, ஒவ்வொரு கோலும் அவளை இந்த வீட்டிலிருந்து தள்ளிக்கொண்டு போவது அவனுக்கு மட்டும்தான் தெரிந்தது. முதலில் மாதம் ஒரு தடவை வந்தாள். சந்து ஏழு கிலோமீட்டர் ஆனபிறகு, ஒருநாள் விடுப்பில் வந்து போவது முடியாமல் முனையிலேயே நின்று பேசிவிட்டுத் திரும்பினாள். பிறகு போன் மட்டும்தான். நர்ஸ் அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. "ஏம்பா, முனையில ஒரு வீடு பார்த்துக்கிட்டா என்ன?" என்றாள். "அவ வந்தா இந்த வீட்டுக்குத்தானேக்கா வருவா," என்றான். அவள் அவனுக்கு வந்திருந்த கடிதங்களை எடுத்துக் கொடுத்தாள். கடைக்குப் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். அவன் வெட்டும் கண்ணாடி மட்டும் கால் அங்குலம்கூடப் பிசகவில்லை.

உலகப் போட்டியில் முதல் ஆட்டத்தில் இவள் ஒரு கோல் போட்டும் தோற்றார்கள். இரண்டாவது ஆட்டம் கோலே இல்லாமல் சமம். மூன்றாவதில் ஜெயித்தால்தான் அடுத்த சுற்று. அதற்கு முந்தின நாள் கோட்டைப் போட்டுவிட்டு அவன் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ஒரு மனிதனிடம் கேட்பதைப்போலத் தரையிடம், "போதுமே," என்றான். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

காலையில் கேட்டைத் திறந்தபோது கோடு அவன் கட்டைவிரலுக்குக் கீழேயே இருந்தது. ஒரு நூல் அகலம்கூட நகரவில்லை. டேப்பைப் பிரிக்காமலே பைக்குள் போட்டான். கால்பந்துச் சங்கச் செயலாளர் முனையிலிருந்து போன் மேல் போன் அடித்தார், எடுக்கவில்லை. அவள் கூப்பிட்டபோது எடுத்தான்.

"சந்து என்ன சொல்லுது?" என்றாள். குரல் லேசாக நடுங்கியது. இத்தனை வருடத்தில் ஆட்டத்துக்கு முன்னால் அவள் குரல் நடுங்கி அவன் கேட்டதில்லை.

"நீளல" என்ற ஒரு சொல் போதும், அவள் தளர்ந்து, அணி தோற்று, அடுத்த விமானத்தில் வந்துவிடுவாள். கோட்டைப் பார்த்துக்கொண்டே, "நீண்டிருக்கு," என்றான்.

"எவ்வளவு?"

"டேப் பத்தல."

அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். "சரி. சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு வைத்துவிட்டாள்.

செயலாளருக்கும் அதையே சொன்னான். முனையில் எழுந்த ஆரவாரம் அத்தனை தூரம் தாண்டி வீடுவரை கேட்டது.

ஆட்டத்தை அவன் ரேடியோவில் கேட்டான், கேபிள் ஒயர் அறுந்துபோய் வெகுநாளாகியிருந்தது. எழுபத்தெட்டாவது நிமிடம்வரை ஒன்றும் நடக்கவில்லை. அதன்பிறகு இடதுகாலால் முப்பது கஜத்திலிருந்து அவள் அடித்தது உள்ளே போனது என்று வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்தினார். வீடு மெதுவாகப் பின்னோக்கிப் போவதை அவன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே உணர்ந்தான். ரயில் புறப்படும்போது இருப்பதைப்போல இருந்தது. கேட்டுக்கு வந்து பார்த்தான். அரை கிலோமீட்டர் கணக்கையெல்லாம் தாண்டி, டேப் பத்தாத தூரத்தில் சுவர்கள் இரண்டும் ஒன்றாகச் சேருவது தெரிந்தது. ஊர்ச் சத்தம் நின்றுபோயிருந்தது. சந்தோஷத்தில் அழுதான், மற்றதற்கும் சேர்த்து அழுதான்.

அடுத்த சுற்றில் மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள். யாருக்கும் வருத்தமில்லை. திரும்பி வந்தவர்களை நாடு மாலையும் கையுமாக வரவேற்று, ஆளுக்குப் பத்து நாள் விடுப்புக் கொடுத்தது. அவள் மாலையைக் கழற்றி நர்ஸ் அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, தோள்பையோடு சந்துக்குள் நடந்தாள். அதே காலையில் அவன் ரொட்டியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டு எதிரே நடந்தான். மூன்றாம் நாள் மத்தியானம், இரண்டு மஞ்சள் சுவர்களுக்கும் நடுவே அவள் ஒரு புள்ளியாகத் தெரிந்தாள். அவளைப்போல ஓடத் தெரியாதவன் அன்றைக்கு ஓடினான்.

"இவ்வளவு தூரம்னு சொல்லவே இல்லையே," என்றாள் அவள், அவன் சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"சொல்லியிருந்தா கோல் போட்டிருக்க மாட்டியா?"

அவள் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தாள். "போட்டிருப்பேன்," என்றாள்.

"அன்னைக்குச் சந்து நீளவே இல்ல. பொய் சொன்னேன்."

"தெரியும். கால் அங்குலம் விடாம அளக்குற மனுஷன் டேப் பத்தலன்னு சொன்னா எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா போட்ட?"

"நீங்க அப்படிப் பொய் சொன்னப்புறம், போடாம எந்த முகத்தோட வீட்டுக்கு வர்றது?"

வீட்டுக்குப் போக இன்னும் மூன்று நாள் ஆகும், அங்கிருந்து முனைக்குத் திரும்ப ஆறு நாள். இருவரும் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். முனைக்குத் திரும்ப அவளுக்கு வேண்டிய மூன்று நாள் போக நான்கு நாள் மிஞ்சியது. அதில் ஒன்றரை நாள் அவள் தரையில் குறுக்கே படுத்துத் தூங்கினாள். அவன் சுவரோரம் உட்கார்ந்து, வெயில் அவள் முகத்தில் படாமல் பார்த்துக்கொண்டான். மிச்ச நேரம் பேசினார்கள், ரொட்டியைப் பங்கு போட்டுத் தின்றார்கள். அங்கே உட்கார்ந்த ஐந்தாம் நாள் விடிந்ததும் அவள் முனைப்பக்கம் நடந்தாள். அவன் அவளுடன் ஒரு மைல்வரை போய்விட்டு, தன் வீட்டுப் பக்கம் திரும்பினான். இருவரும் சுவர் வளைவே இல்லாத அந்தச் சந்தில் வெகுநேரம் ஒருவருக்கொருவர் தெரிந்துகொண்டே போனார்கள்.

அதற்குப் பிறகு விடுப்பு கிடைக்கும்போதெல்லாம் அந்த இடத்தில்தான் சந்தித்துக்கொள்கிறார்கள். அவன் அங்கே ஒற்றை அறை கட்டி, கிழக்குப் பக்கம் பெரிய ஜன்னல் வைத்தான். கண்ணாடியை முதுகில் சுமந்து வந்தான், உடையவில்லை. நகராட்சி அதற்குக் கதவு எண் கொடுத்திருக்கிறது. அடுத்த உலகப் போட்டிக்கான தகுதிச் சுற்று இந்த வருடம் தொடங்குகிறது. அணிக்கு நல்ல வாய்ப்பு என்கிறார்கள், அவள் கால் முன்னைவிட வலுத்திருக்கிறதாம். சந்துக்கு இன்னும் அறுநூறு விளக்குக் கம்பம் கேட்டு நகராட்சி எழுதியிருக்கிறது. கண்ணாடிக்காரன் நல்ல செருப்பாக மூன்று ஜோடி வாங்கி வைத்திருக்கிறான்.