ஒலிவச் சரிவில் ஒரு குழி

"அழுத்தாதடி, வலிக்குது. நிக்கிற ரத்தமா இருந்தா நேத்தே நின்னிருக்கும்."

யோகனா கையை எடுக்கவில்லை. மாமியாரின் விலாவில் வைத்திருந்த துணி நனைந்து கனத்திருந்தது. கூடாரத்துக்கு வெளியே கல்லெறி பொறிகள் முனகின. ஒவ்வொரு கல்லும் எருசலேம் மதிலில் மோதும்போது தரை லேசாக அதிர்ந்தது.

மாமியார் சலோம்சியோன், கலிலேயாவின் திபேரியாவில் ஏரி மீனை உப்பிட்டு விற்றவள். ரோமர் கையிலிருந்த எருசலேமைப் பிடிக்கப் பாரசீகப் படை தெற்கே இறங்கியபோது கலிலேயாவின் யூதர்களும் அதனோடு சேர்ந்தார்கள். மகன் தன்கூம் ஈட்டியோடு கிளம்பினான். "சமைக்க ஆள் வேண்டாமா?" என்று கேட்டுவிட்டு, மருமகளையும் இழுத்துக்கொண்டு இவளும் பின்னாலேயே வந்துவிட்டாள். முந்தின நாள், கூடாரமிருந்த ஒலிவச் சரிவுக்கும் மதிலுக்கும் நடுவிலுள்ள கீதரோன் பள்ளத்துத் தொட்டியில் தண்ணீர் எடுக்கப் போனாள். மதில்மேல் நின்ற ரோம வில்லாளிகளுக்கு அம்பு எட்டுகிற இடம் அது. போக வேண்டாம் என்று எல்லோரும் தடுத்தார்கள். "எங்க பாட்டன் பூட்டன் வெட்டின தொட்டி" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். குடம் நிறைந்த பிறகு அம்பு பட்டது. குடத்தோடு மேடேறி வந்து, அதைச் சிந்தாமல் இறக்கி வைத்துவிட்டுத்தான் விழுந்தாள்.

"ஏடி, என்னை ஊருக்குத் தூக்கிட்டுப் போகலாம்னு உன் புருஷன் சொல்லுவான். விடாத."

"பேசாதீங்க அத்தை."

"நான் எப்ப பேசாம இருந்திருக்கேன்? தொட்டிக்கு மேல அந்தச் சரிவுல வை. கால் மதில் பக்கம் இருக்கட்டும். ஆண்டவர் எழுப்புற அன்னிக்கு எந்திரிச்சா, நேரா வாசலுக்கு நடக்கணும்."

"அங்க அம்பு வருமே."

"எனக்கா?" சிரிக்கப் பார்த்தாள், இருமல்தான் வந்தது. அது அடங்கிய பிறகு சொன்னாள்: "வருஷத்துக்கு ஒரு நாள்தான் ரோமானுங்க நம்மள உள்ள விடுவானுங்க. இடிஞ்ச கோயிலப் பாத்து அழுதுட்டுப் போன்னு. பொழுது சாயறதுக்குள்ள தடியால விரட்டுவானுங்க. என் அழுகையெல்லாம் அங்கயே கொட்டித் தீந்துபோச்சு. எனக்காக ஒருத்தியும் அழக் கூடாது. கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

உச்சிவெயில் ஏறுமுன் அவள் வாய் அடங்கியது. கூடாரம் திடீரென்று பெரிதானதுபோல யோகனாவுக்குத் தோன்றியது.

உடலைக் கழுவி, நார்த்துணியில் சுற்றி முடித்தபோது தன்கூம் வந்தான். மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டுகிறவர்களில் அவனும் ஒருவன். தலை முதல் கால் வரை வெள்ளைத் தூசி. அம்மாவைப் பார்த்தான். துக்க வழக்கப்படி சட்டையின் கழுத்துப் பட்டியைப் பிடித்து நெஞ்சு வரை கிழித்தான்.

"கழுதை ஒண்ணு கேட்டிருக்கேன்" என்றான். "ஊருக்குக் கொண்டு போயிடலாம். அப்பா பக்கத்துல."

"அந்தச் சரிவுலதான் வைக்கச் சொன்னாங்க."

"செத்தவளுக்கு எந்த மண்ணா இருந்தா என்ன?"

"அதை அவங்ககிட்டயே சொல்லியிருக்கணும் நீங்க. உயிரோட இருக்கும்போது சொல்லத் தைரியம் இருந்துச்சா?"

கூடார வாயிலில் பாரசீகத் தலைவன் மர்தான் நின்றிருந்தான். இவர்கள் பேச்சை ஓரளவு கற்றவன்.

"சரிவிலிருக்கிற எண்ணெய்ச் செக்குக்குக் கீழே யாரும் இறங்கக் கூடாது. உத்தரவு" என்றான்.

"உத்தரவு போடறவங்க எல்லாம் மதிலுக்கு உள்ளதான் இருக்காங்கன்னு நெனைச்சேன்" என்றாள் யோகனா. "வெளியிலயும் இருக்கீங்களா?"

"பொம்பளைன்னு விட்டுடுவானா மதில்மேல இருக்கிறவன்?" என்றான் மர்தான்.

"நேத்தும் பொம்பளையத்தான் அடிச்சான். தெரிஞ்சுதான் போறேன்."

மர்தான் தன்கூமைப் பார்த்தான். அதற்குள் சுரங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. உள்ளே முட்டுக் கொடுத்திருந்த மரங்களுக்குத் தீ வைத்து, மேலே நிற்கிற மதிலைச் சரிக்கும் நேரம். தன்கூம் துணியின் மேல் ஒருமுறை கை வைத்துவிட்டு ஓடினான். "ஆம்பளை எவனும் கூடப் போகக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு மர்தானும் நகர்ந்தான்.

ரொட்டி சுடும் பூனாவும் செப்போரிஸ் ஊரின் அக்கா தங்கை இருவரும் பாடைக்குத் தோள் கொடுத்தார்கள். நான்காவது மூலை யோகனாவுக்கு. பட்டப்பகலில், செக்கைத் தாண்டி, சரிவில் இறங்கினார்கள். மதில்மேல் தலைகள் அசைவது தெரிந்தது.

"ஓடக் கூடாது" என்றாள் யோகனா.

முதல் அம்பு முன்னால் மண்ணில் குத்தி நின்றது. அடுத்தது தலைக்கு மேலே போனது. மூன்றாவது பாடையில், நார்த்துணிக்குள், மெத்தென்று இறங்கியது. நால்வரும் நின்றுவிட்டார்கள்.

"செத்தவள மறுபடியும் கொல்றானுங்க" என்றாள் பூனா.

"அவங்க வாய்க்கு ரெண்டு தடவ கொல்லணும்தான்" என்றாள் யோகனா.

தங்கைக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மீண்டும் நடந்தார்கள். அதன் பிறகு அம்பு வரவில்லை. சிரிப்பைக் கேட்டார்களோ, அம்பைச் சேமித்தார்களோ, தெரியவில்லை.

மண் கல்லாக இருந்தது. மண்வெட்டியில் பொறி பறந்தது. மாறி மாறித் தோண்டியும் இடுப்பளவுகூட இறங்கவில்லை. யோகனா அம்பைப் பிடுங்கி எறிந்தாள். கால் மதில் பக்கமாக மாமியாரைக் கிடத்தினாள். மண் தள்ளி, நரி தோண்டாதிருக்க மேலே கல் அடுக்கினார்கள். ஒருத்தியும் அழவில்லை.

கல் அடுக்கிக்கொண்டிருக்கும்போதே பூமி குலுங்கியது. வடக்கே மதிலின் ஒரு பகுதி, களைத்தவன் உட்காருவதுபோல மெல்லச் சாய்ந்து இறங்கியது. வெள்ளைப் புழுதி எழுந்து வானத்தை மூடியது. கொம்புகள் ஊதின. ஒலிவ மரங்களுக்கிடையே காத்திருந்த படை முழுவதும் கூச்சலிட்டுக்கொண்டு சரிவில் பாய்ந்தது.

புழுதிக்கு அப்பாலிருந்தும் ஒரு சத்தம் வந்தது. நகரத்துக்குள்ளே பெண்கள் அலறினார்கள்.

"அவளுங்க அழறாளுங்க" என்றாள் பூனா.

யோகனா ஓடி வருகிறவர்களின் கால்களைப் பார்த்தாள். குழிக்கு முன்னால் போய், இரண்டு கைகளையும் விரித்து நின்றாள்.

"சுத்திப் போங்க."

முன்னால் வந்தவன் தடுமாறி விலகினான். அவனுக்குப் பின்னால் வந்தவர்களும் விலகினார்கள். மர்தானின் குதிரை நேராக வந்தது. அவள் அசையவில்லை. அவன் கடிவாளத்தை இழுத்து ஒதுங்கிப் போனான். கூட்டத்தின் நடுவே கிழிந்த சட்டையோடு தன்கூம் வந்தான். சுரங்கத்திலிருந்து உயிரோடு வெளியேறியிருந்தான். அவளையும் பின்னாலிருந்த கற்குவியலையும் கண்டு நின்றான். பின்னால் வந்தவர்கள் அவன் முதுகில் இடித்தார்கள்.

"நீங்களும்தான்" என்றாள்.

அவன் சுற்றிக்கொண்டு போனான். ஈட்டிகளும் கேடயங்களும் இருபுறமும் ஓடிக்கொண்டே இருந்தன. புழுதி இறங்கி அவள் முடியிலும் இமையிலும் விரித்த கைகளிலும் வெள்ளையாகப் படிந்தது.